இழந்த தசையை மீட்பது எப்படி? தவறான வழியில் எடை குறைந்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டு அதில் உட்காருங்கள். இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து நிமிர்ந்து நில்லுங்கள், மறுபடி உட்காருங்கள். நிறுத்தாமல் ஐந்து முறை. பக்கத்தில் கடிகாரம் இருக்கட்டும், ஆன வினாடியை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முதியவர்களைச் சோதிக்கும் மருத்துவர்கள், இதற்கு 15 வினாடிக்கு மேல் ஆனால் தசை வலு குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இளம் வயதிலேயே அந்த 15 வினாடியைத் தாண்டுகிறவர்கள் உண்டு. பட்டினி கிடந்தோ, நோயில் படுத்தோ, மனம் உடைந்து சாப்பாடு இறங்காமலோ சில மாதங்களில் பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தொலைத்தவர்கள் அவர்கள். நானும் அப்படி ஒருவனாக இருந்தேன். மூன்றாவது முறை எழும்போது என் கை என்னைக் கேட்காமலே தொடையில் ஊன்றிக்கொண்டது. அதே வாரத்தில்தான் "நன்றாக இளைத்துவிட்டாய்" என்று நாலு பேர் பாராட்டியிருந்தார்கள்.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்டவர்களுக்காக. இதில் நான் வலியுறுத்துவது வரிசையை. முதலில் உடம்பு சாப்பாட்டைத் தாங்கும் நிலைக்கு வர வேண்டும். அடுத்து சாப்பாடு கூட வேண்டும். அதன் பிறகே சுமை கூட வேண்டும். அவசரப்பட்டு வரிசையை மாற்றினால் எடை வந்துவிடும், தசை வராது. சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும்.

குறைந்தது எது?

"சதை பிடித்திருக்கிறது" என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்தச் சதையில் கொழுப்பும் இருக்கிறது, தசையும் இருக்கிறது. சாப்பாட்டைத் திடீரென்று பாதிக்கும் கீழே குறைத்தால் உடம்பு இரண்டையும் எடுத்துச் செலவழிக்கிறது. புரதமும் குறைந்து, தசைக்கு வேலையும் இல்லாமல் போனால் தசையின் பங்கு இன்னும் அதிகமாகக் கரைகிறது. கைகாலில் உள்ள தசை மட்டும் மெலிவதில்லை, இதயத்தின் தசையும் மெலிகிறது. படியேறினால் மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வெயிலிலும் கை சில்லென்று இருப்பதும், நாடி மெதுவாவதும் உடம்பு சக்தியை மிச்சம் பிடிப்பதன் அடையாளம்.

1944ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரினால் பட்டினியில் வாடிய மக்களை மறுபடி எப்படித் தேற்றுவது என்று அறிவதே நோக்கம். தாமாக முன்வந்த அந்த இளைஞர்கள் 24 வாரம் அரைப்பட்டினி இருந்தார்கள். உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. நினைப்பெல்லாம் சாப்பாடாகவே இருந்தது. பிறகு உணவு கொடுத்தபோது கொழுப்பு விரைந்து திரும்பியது, தசை பின்தங்கியது. பழைய எடையைத் தொட்ட பின்னும் பலருக்குப் பசி அடங்கவில்லை. இழந்த தசை முழுதாகத் திரும்பும் வரை அந்தப் பசி நீடிப்பதாகப் பின்னர் இந்தப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். ஆகவே, எடை குறைந்த பின் அடங்காத பசி எடுத்தால் அதை மனவுறுதிக் குறைவு என்று நினைத்து வருந்த வேண்டாம். இழந்ததை உடம்பு கேட்கிறது.

முதல் படி: காரணம் தெரியாமல் தொடங்காதீர்கள்

நீங்கள் முயலாமலே 6 முதல் 12 மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57க்கும் கீழே வந்திருந்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு, காசநோய், குடல் நோய்கள், மனச்சோர்வு, புற்றுநோய் என்று பல காரணங்கள் இருக்கலாம். காரணம் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்போது மேலே எவ்வளவு ஊட்டினாலும் நிற்காது.

தெரிந்தே டயட் இருந்து இளைத்தவர்களும் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு, பொட்டாசியம் முதலான உப்புகள், வைட்டமின் டி, பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ அதையும் சொல்லுங்கள். பெண்களுக்கு மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால் அது உடம்பு சக்தியைச் சுருக்கி வைத்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அந்த நிலையில் எலும்பும் பலவீனமாகிக்கொண்டிருக்கும். ஆகவே குதிப்பது, வேகமாக ஓடுவது போன்றவற்றை மருத்துவர் சொல்லும் வரை தள்ளி வையுங்கள்.

எடை கூடிவிடுமோ என்ற பயத்திலேயே நாள் போகிறது, சாப்பிட்ட பின் வாந்தி எடுக்கத் தோன்றுகிறது, சாப்பிட்டதற்குத் தண்டனை போல உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்றால் இந்த வழிகாட்டியைத் தனியாகப் பின்பற்ற வேண்டாம். உண்ணுதல் கோளாறு மருத்துவ நோய்தான், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மனநல மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து அனுமதித்த பிறகே பயிற்சி. தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: பட்டினிக்குப் பின் முதல் பத்து நாள்

நீண்ட நாள் சரியாகச் சாப்பிடாதவர் ஒரே நாளில் வயிறு முட்டச் சாப்பிட்டால் என்ன ஆகும்? மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரக்கிறது. இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றை அது செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே இருப்பு காலியாகிவிட்ட உடம்பில் இரத்தத்தில் அவற்றின் அளவு சடாரென்று விழுகிறது. தயமின் என்ற வைட்டமின் பி1ம் தீர்ந்துபோகிறது. இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், மூச்சு முட்டலாம், நினைவு குழம்பலாம். மருத்துவர்கள் இதை ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் இதைக் கண்டு மருத்துவ உலகம் திகைத்தது. பட்டினியில் பிழைத்தவர்கள், உணவு கிடைத்த பிறகு இறந்தார்கள்.

யாருக்கு இந்த ஆபத்து அதிகம்? பிஎம்ஐ 16க்குக் கீழே இருப்பவர்கள் (எடையைக் கிலோவில் எடுத்து, அதை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ, 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு பிஎம்ஐ 16 என்பது சுமார் 41 கிலோ), கடந்த 3 முதல் 6 மாதத்தில் உடல் எடையில் 15 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்கள், 10 நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவர்கள். இதில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும் உணவைக் கூட்டுவது மருத்துவரின் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அன்பு மிகுதியால் தட்டை நிரப்புவார்கள். அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அந்த அளவுக்குப் போகாதவர்களும் மெதுவாகவே ஏற வேண்டும். இப்போது சாப்பிடும் அளவோடு முதல் வாரம் சிறிது கூட்டி, அடுத்த வாரம் இன்னும் சிறிது கூட்டுங்கள். கால் வீங்குகிறதா என்று மட்டும் தினமும் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டை விரலை ஐந்து வினாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாம் படி: சாப்பாட்டை எப்படிக் கூட்டுவது

இளைத்த பிறகு வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும். சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்கவே நேரம் எடுக்கும், வயிறு உப்பும். மூன்று வேளையும் தட்டு நிறையச் சாப்பிட முயன்று தோற்றுப்போவதைவிட, ஐந்து அல்லது ஆறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்வது எளிது. பசிக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்தக் காலத்தில் பசி நம்பத் தகுந்த கடிகாரம் இல்லை. சிலருக்குப் பசியே இராது, சிலருக்கு அடங்காது. இருவருக்கும் நேரம் பார்த்துச் சாப்பிடுவதே வழி.

எவ்வளவு? மூன்று நாள் சாப்பிட்டதை எல்லாம் எழுதிக் கணக்குப் பாருங்கள். எடை நிலையாக இருந்தால் அதற்கு மேல் தினமும் 300 முதல் 500 கலோரி கூட்டுவது போதுமான தொடக்கம். 300 கலோரி என்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலை அல்லது பாதாம் சுமார் 170 கலோரி. கொழுப்பு நீக்காத பால் 250 மில்லி சுமார் 150 கலோரி. ஏற்கெனவே சமைத்த உணவின் மேல் ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அல்லது நெய் சுமார் 120 கலோரி. அளவு பெரிதாகாமல் சக்தி கூடுவதால் வயிறு நிறையாது. குடிக்கும் உணவும் வயிற்றை அவ்வளவாக அடைக்காது, பாலில் வாழைப்பழத்தையும் வேர்க்கடலை விழுதையும் அடித்துக் குடிக்கலாம். சாப்பிடுவதற்குச் சற்று முன் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

பொரித்ததையும் இனிப்பையும் தின்று எடையேற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். எடை ஏறும். ஆனால் எந்த எடை என்பதே கேள்வி. 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 25 பேருக்கு எட்டு வாரம் தேவைக்கு மேல் 40 சதவீதம் கூடுதலாகச் சாப்பாடு கொடுத்தார்கள். மூன்று குழு, மூன்று புரத அளவு. உடம்பில் சேர்ந்த கொழுப்பு மூன்று குழுவிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மொத்தச் சக்தியில் 5 சதவீதம் மட்டுமே புரதமாகச் சாப்பிட்டவர்கள், அத்தனை சாப்பிட்டும் கொழுப்பு அல்லாத எடையைக் கொஞ்சம் இழந்தார்கள். மற்ற இரு குழுவினருக்கும் அது கூடியது. இத்தனை தெளிவாக வேறொரு கணக்கு எனக்குப் புரதத்தின் அருமையை உணர்த்தியதில்லை.

புரதக் கணக்கு

பளு தூக்கும் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்குத் தினமும் 1.6 கிராம் புரதம் நல்ல இலக்கு. 50 கிலோ உள்ளவருக்கு 80 கிராம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

எண்பது கிராம் என்றதும் பலர் மலைப்பார்கள். ஒரு நாளை விரித்துப் பார்ப்போம். காலையில் இரண்டு முட்டையும் 250 மில்லி பாலும் என்றால் 20 கிராம். மதியம் சமைத்த பருப்பு அல்லது கொண்டைக்கடலை 150 கிராமும் தயிர் 200 கிராமும் என்றால் இன்னொரு 20. மாலையில் 30 கிராம் வேர்க்கடலையும் ஒரு தம்ளர் பாலும் என்றால் 15. இரவு 100 கிராம் பன்னீர் 18, அசைவம் உண்பவர் அதே அளவு சமைத்த மீனோ கோழியோ எடுத்தால் 25 வரை வரும். இத்துடன் நாள் முழுவதும் சாப்பிடும் தானியத்தில் இருக்கும் புரதத்தைச் சேர்த்தால் எண்பதைத் தாண்டிவிடும். ஒரே வேளையில் கொட்டிவிட்டு மற்ற வேளைகளை வெறும் மாவுச்சத்தாக விடுவதைவிட, நான்கு வேளைக்குப் பகிர்ந்து கொடுப்பது நல்லது.

புரதப் பொடி கட்டாயம் இல்லை. மெல்லவும் விழுங்கவும் அலுப்பாக இருக்கும் நாட்களுக்கு அது உதவும், அவ்வளவே. தசைக்குச் சக்தி தரும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற துணைப்பொடி பற்றி நல்ல ஆய்வுகள் உள்ளன. தினமும் 3 முதல் 5 கிராம், பயிற்சி தொடங்கி ஒரு மாதம் கழித்து, சிறுநீரகம் சரியாக இருப்பவர்கள் எடுக்கலாம். பெயர் சொல்லாத 'வெயிட் கெயினர்' பொடிகளையும் 'ஒரே மாதத்தில் உடம்பு தேறும்' மருந்துகளையும் தொடாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நான்காம் படி: தசைக்கு வேலை கொடுங்கள்

சாப்பாடு செங்கல் மாதிரி. செங்கல்லைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் சுவர் எழும்பாது. 1994ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 100 பேரைப் பத்து வாரம் கவனித்தார்கள். சராசரி வயது 87. பளுப்பயிற்சி செய்தவர்களின் தசை வலு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. பயிற்சியில்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களிடம் அப்படி எதுவும் நடக்கவில்லை. 87 வயதில் முடிந்தது உங்களுக்கும் முடியும்.

எவ்வளவு பளு? 1945இல் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், காயத்தால் தொடை மெலிந்த வீரர்களுக்குப் பளுவைப் படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி கொடுத்த முறையை எழுதினார். நலிந்த உடம்புக்கு லேசான அசைவுதான் ஏற்றது என்று அதுவரை எண்ணியிருந்தவர்களுக்கு அது புதிது. கூட்டிக்கொண்டே போவதே அந்த முறையின் உயிர். பின்னாளில் அவரும் சக மருத்துவர் ஒருவரும் அதை எளிமையாக்கினார்கள்: பத்து முறை தூக்க முடிகிற அதிகபட்சப் பளுவைக் கண்டுபிடித்து, முதல் செட்டில் (செட் என்பது இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று) அதில் பாதி, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழுப் பளு, ஒவ்வொன்றும் பத்து முறை. இன்றும் இது அருமையான முறை. ஆனால் உடனே அதில் இறங்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரம். வாரம் இரண்டு நாள், உடம்பின் எடையே போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, ஒரு பையில் இரண்டு கிலோ போட்டு விலாவை ஒட்டி இழுப்பது, குதிகாலை உயர்த்தி நிற்பது. ஒவ்வொன்றும் எட்டு முறை, இரண்டு செட்.

நாற்காலிப் பயிற்சியைச் சரியாகச் செய்வது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், மற்றவற்றுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். இருக்கையின் முன்பகுதிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதம் தோள் அகலத்தில், முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும் வரை முன்னே சாய்ந்து, மூச்சை விட்டபடி எழுங்கள். முழங்கால்கள் உள்ளே சரியாமல் கால் விரல் காட்டும் திசையிலேயே இருக்கட்டும். உட்காரும்போதுதான் கவனம் வேண்டும். தொப்பென்று விழாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி இறங்குங்கள். இறங்கும்போது தாங்கும் வேலையும் தசையை வளர்க்கும். எட்டு முறை எளிதாக வந்தால் நாற்காலியை எடுத்துவிட்டுப் பஸ்கி எடுக்கலாம், பிறகு நெஞ்சோடு அணைத்து ஒரு டம்பெல்.

மூன்றாம் வாரம் முதல் வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. ஐந்து அசைவுகள் போதும்: குந்துவது, இடுப்பை மடக்கிப் பளுவைத் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, தலைக்கு மேல் உயர்த்துவது. இரண்டு அல்லது மூன்று செட், ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 முறை. இன்னும் இரண்டு மூன்று முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே செட்டை நிறுத்திவிடுங்கள். துவண்டு விழும் வரை செய்வது இந்தக் காலத்தில் வீரம் ஆகாது. தொடர்ந்து இரண்டு நாள் எல்லாச் செட்டிலும் 12 முறை வந்துவிட்டால், கிடைப்பதில் மிகச் சிறிய பளுவைக் கூட்டி மறுபடி எட்டிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு நாளும் தூக்கிய அளவை நோட்டில் எழுதுங்கள். நோட்டு இல்லாமல் பளு கூடுவதில்லை, இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் சில வாரங்களில் வலு கூடும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. நரம்புகள் இருக்கும் தசையை நன்றாக ஏவக் கற்றுக்கொள்வதால் வரும் வலு அது. தசையின் பருமன் பிறகு, பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் மாதத்தில்தான் தெரியத் தொடங்கும். இந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நடை நல்லது, தினமும் 20 நிமிடம் நடந்தால் பசியும் மலச்சிக்கலும் சீராகும். நெடுந்தூர ஓட்டத்தை எடை திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் 7 முதல் 9 மணி நேரம்.

எதை அளப்பது

வாரத்துக்குக் கால் முதல் அரைக் கிலோ கூடினால் போதும். முதல் பத்து நாளில் ஒன்று இரண்டு கிலோ குபீரென்று ஏறினால் பயப்படாதீர்கள். தசைக்குள் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ இல்லாதவரை அது உடம்பு காலி அறையை நிரப்புவதுதான். வாரத்தில் மூன்று நாள் காலை எடை பார்த்துச் சராசரி எடுங்கள். மாதம் ஒரு முறை மேற்கையையும் தொடையையும் டேப்பால் அளந்து எழுதுங்கள். இரண்டு வாரம் சராசரி அசையவில்லை என்றால் தினமும் 200 கலோரி கூட்டுங்கள். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து ஏறினால் சற்றுக் குறையுங்கள், மருத்துவர் வேகமாக ஏற்றச் சொல்லியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், இது தெரியாமல் பலர் மனம் நொந்திருக்கிறார்கள். திரும்பி வரும் எடை முதலில் வயிற்றைச் சுற்றித் தங்கும். கைகால் குச்சியாக இருக்க வயிறு மட்டும் முன்னே தெரியும். கடும் எடையிழப்பிலிருந்து மீண்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், எடையை நிலையாக வைத்திருந்தால் சுமார் ஓராண்டில் அது உடம்பு முழுவதும் பரவிச் சமன்படுவதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த வயிற்றைப் பார்த்துப் பயந்து மறுபடி பட்டினியில் இறங்கினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

நடுவில் காய்ச்சலோ வேலை நெருக்கடியோ வந்து ஒன்றிரண்டு வாரம் பயிற்சி நின்றுபோகலாம். திரும்பும் முதல் நாள் நோட்டில் கடைசியாக எழுதிய பளுவில் பாதியைத் தூக்குங்கள், அடுத்த நாள் முக்கால், மூன்றாம் நாள் முழுவதும். ஒரு முறை வளர்ந்த தசை, முதல் முறை எடுத்த காலத்தைவிடக் குறைந்த காலத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் அதே நாற்காலியை அதே சுவரோரம் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். வந்த வினாடியை நோட்டில், முதல் நாள் எழுதியதற்குக் கீழே எழுதுங்கள்.